அடைப்புக்குறிக்குள் ஓர் இழப்பீடு

இந்தியாவில் இன்றும் நடைமுறையிலுள்ள சட்டங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்று, 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். இயற்றப்பட்டபோது அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். சட்டத்தின் பெயரை முதற்பிரிவு கூறுகிறது. அரசுக்கு வேண்டிய அதிகாரங்களை இரண்டாவது பிரிவு வழங்குகிறது. கீழ்ப்படியாதவருக்குத் தண்டனை விதிப்பது மூன்றாவது பிரிவு. நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரி மீது எவரும் வழக்குத் தொடர முடியாது என்று காப்பளிப்பது நான்காவது பிரிவு. சென்ற நூற்றாண்டின் கொள்ளைநோய்களுக்கும், 2020-இல் வந்த கரோனா தீநுண்மிக்கும் அரசுகள் நாடிய சட்டக் கருவிகளுள் இதுவும் ஒன்று.

இச்சட்டத்தை முழுமையாக மறுஆய்வு செய்த இந்திய சட்ட ஆணையம், தனது 286-ஆவது அறிக்கையை 2024 பிப்ரவரியில் அளித்தது. எது தொற்றுநோய் என்பதற்கு வரையறை வேண்டும், முன்கூட்டியே ஒரு செயல்திட்டம் வேண்டும், தண்டனைகள் போதாமல் இருக்கின்றன என்பன அதில் கூறப்பட்டவற்றுள் சில. ஆட்சியாளர் பார்வையில் இவை நியாயமான கருத்துகளே. ஆயினும், பழைய சட்டத்தின் அடிப்படைக் குறை தண்டனை குறைவாக இருப்பது அன்று. அதன் இரண்டாவது பிரிவில், நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று அரசே தீர்மானிக்கலாம் எனக் கூறும் இடத்தில், இழப்பீடு என்னும் சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் அடைப்புக்குறிக்குள், 'இருக்குமாயின்' என்ற ஐயத்துடன். அந்த அடைப்புக்குறி எப்படி வந்தது, அதனால் என்ன நேர்ந்தது என்பதை அறிய, இச்சட்டத்தைப் பிறப்பித்த பம்பாய்த் துறைமுகத்துக்குத்தான் நாம் செல்ல வேண்டும்.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் அரையிலும் அக்குளிலும் நெறிகட்டி, கடுங்காய்ச்சலுடன் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பகுதி அது. கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட மருத்துவரும் மாநகராட்சி உறுப்பினருமான அகாசியோ காப்ரியல் வியேகாஸ், இது பிளேக் நோயே என்று அம்மாதம் 23-ஆம் நாள் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1894-இல், ஹாங்காங் துறைமுகத்தில் இதே நோய் பரவியபோது அதன் நுண்ணுயிரை அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்திருந்தார். கப்பல் வழியே நோய் பரவும் என்பதும் புதிய செய்தியன்று. எனவே நோய் வந்ததைக் காட்டிலும், அதன் பெயரை உரக்கச் சொல்வதே பம்பாய்க்குச் சிக்கலான செயலாக இருந்தது.

காரணம் வெளிப்படையானது. சூயஸ் கால்வாய் திறந்தபின் பம்பாய், ஐரோப்பாவுக்கு இந்தியாவின் வாயிலாக மாறியிருந்தது. பருத்தியும் தானியமும் அங்கிருந்து ஏற்றுமதியாயின. மெக்காவுக்குச் செல்லும் பயணிகள் அங்கிருந்தே கப்பலேறினர். 'பிளேக்' என்ற ஒரு சொல் அத்தனை கப்பல்களையும் மறுகரையில் நிறுத்திவிடும். அவ்வாறே நடந்தது. 1897 பிப்ரவரியில் வெனிஸ் நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டின் மையப் பொருளே பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்குப் பிளேக் வந்துவிடாமல் தடுப்பதுதான். அவ்வாண்டு ஹஜ் பயணம் நிறுத்தப்பட்டது. உண்மையைச் சொன்ன துறைமுகம் அதற்கு உடனடியாக விலை கொடுத்தது.

நகரம் எதிர்கொண்ட இதே கணக்கைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தன் அளவில் எதிர்கொண்டது. 1896 அக்டோபர் 6-ஆம் நாள் மாநகராட்சி ஆணையர் ஸ்னோ, நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும், வீடுகளுக்குள் நுழைந்து சுத்தம் செய்யவும் அதிகாரம் கோரும் ஆணையை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் மகனுக்குக் காய்ச்சல் கண்டதாகக் கொள்வோம். தெரிவித்தால், மகன் ஆர்தர் சாலை மருத்துவமனைக்குச் செல்வான். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது ஊரறிந்த பேச்சு. முற்றிய நிலையில் நோயாளிகள் கொண்டுவரப்பட்டதால் இறப்பு மிகுதியாக இருந்ததும் உண்மை. வீட்டின் ஓடுகள் பிரிக்கப்படும், தரை தோண்டப்படும், துணிமணிகள் எரிக்கப்படும். மீந்தவர்கள் முகாமில் அடைக்கப்படுவார்கள், கூலி நின்றுபோகும். தெரிவிப்பதால் நன்மை யாருக்கு? அண்டை வீட்டாருக்கு, அடுத்த தெருவுக்கு, நகருக்கு. இழப்பு யாருக்கு? தெரிவித்தவருக்கு மட்டும்.

பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். ஒருவர் செய்யும் செயலின் பயன் பிறரைச் சென்றடைந்து, செலவு மட்டும் அவர் தலையில் விழுமானால், அச்செயல் சமூகத்துக்குத் தேவையான அளவில் நிகழாது. நோயை மறைத்த பம்பாய் மக்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஆட்சியாளர் எழுதிவைத்தனர். தம் முன் இருந்த தெரிவுகளை எடைபோட்டுப் பார்த்தவர்கள் என்றே நாம் அவர்களைக் கருத வேண்டியிருக்கிறது. வதந்திகள் பரவின என்பது மெய்யே. ஆனால், வதந்தியை நம்புவதற்கான காரணங்களை அரசே நாள்தோறும் வழங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 29-ஆம் நாள், ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். மறுநாளே ஆணை தளர்த்தப்பட்டது. வீட்டில் தனியே வைத்துப் பராமரிக்க இயலுமாயின் நோயாளியை அகற்ற வேண்டியதில்லை என்றாயிற்று. இதற்கு ஸ்னோ கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. கடுமை தொடர்ந்தால் துப்புரவுத் தொழிலாளர்கள் நகரைவிட்டு ஓடிவிடுவர். அவர்கள் போய்விட்டால் பம்பாயில் எவரும் வாழ இயலாது என்பதே அவரது அச்சம். சாதியாலும் கூலியாலும் கடைநிலையில் வைக்கப்பட்டிருந்த மக்களின் உழைப்பில்தான் அத்துறைமுகம் நின்றுகொண்டிருந்தது என்பதை ஆட்சி அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

அதற்குள் பெரும் வெளியேற்றம் தொடங்கிவிட்டது. 1891 கணக்கெடுப்பின்படி பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. 1897-இன் தொடக்கத்துக்குள் இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நகரை நீங்கியிருந்தனர் என்பது அக்கால மதிப்பீடு. கொங்கணத்துக்கும் தக்காணத்துக்கும் குஜராத்துக்கும் அவர்கள் சென்றனர். பலருடன் நோயும் சென்றது. ஆலைகளில் ஆட்கள் இல்லை. மாதக் கூலியைப் பல வாரங்கள் நிலுவையில் வைத்தே வழங்கிப் பழகிய ஆலை முதலாளிகள், அன்றாடம் மாலையில் காசை எண்ணிக் கொடுக்க நேர்ந்தது. தெருமுனைகளில் தொழிலாளர்களை ஏலம் எடுப்பதுபோல் ஆலைகள் ஒன்றையொன்று விஞ்சிக் கூலி பேசின. உழைப்பவருக்கு உரிய விலையைச் சந்தை தயக்கமின்றித் தந்தது. தொழிலாளி தங்கியிருப்பதற்கு விலை கொடுத்த அந்த நகரில், அவர் உண்மையைச் சொல்வதற்கு விலை கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

1897 பிப்ரவரி 4-ஆம் நாள் நிறைவேறிய தொற்றுநோய்கள் சட்டம் இச்சூழலில்தான் பிறந்தது. வெனிஸ் மாநாடு கூடவிருந்த வேளை அது. இந்தியா உறுதியான நடவடிக்கை எடுக்கிறது என்று ஐரோப்பாவுக்குக் காட்டியாக வேண்டிய நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசு இருந்தது. ஆகவே சட்டத்தின் முகம் வெளிநாட்டு வணிகத்தை நோக்கியும், அதன் கை உள்நாட்டுக் குடிகளை நோக்கியும் அமைந்தன. இழப்பீடு அடைப்புக்குறிக்குள் போனதில் வியப்பில்லை.

சட்டம் வந்தபின் அதிகாரம் படைத்துறையினர் கைக்கு மாறியது. பம்பாயில் மார்ச் மாதம் அமைந்த பிளேக் குழுவுக்கு ஜெனரல் கட்டாக்கர் தலைவரானார். புணேயில் ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பெண்களின் உடலைச் சோதித்ததும் பூசையறைகளில் நுழைந்ததும் பெருஞ்சினத்தை மூட்டின. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்புகையில் ராண்ட் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து, 'கேசரி' இதழில் எழுதியவற்றுக்காகத் திலகர் மீது ராஜதுரோக வழக்குத் தொடுக்கப்பட்டு, 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 9-இல் பம்பாயில், நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் நோயுற்ற பெண்ணைச் சோதிக்க முயன்றது கலவரமாக வெடித்தது. துறைமுகக் கூலிகளும் வண்டியோட்டிகளும் வேலையை நிறுத்தினர். நோயைக் கண்டு மூடப்பட்டுவிடுமோ என்று அஞ்சப்பட்ட துறைமுகம், நோய்த்தடுப்பு முறையாலேயே செயலற்றது.

இத்தனை கடுமையும் பயன் தந்ததா? இல்லை. அன்றைய நடவடிக்கைகள் பெரும்பாலும் தவறான இலக்கை நோக்கியவை. கார்பாலிக் அமிலமும் சுண்ணாம்பும் கொண்டு சுவர்களையும் சாக்கடைகளையும் கழுவினார்கள். எலியும் அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சியும் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியே நோய் பரவுகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898-இல்தான், இன்னொரு துறைமுகமான கராச்சியில், சோதனை மூலம் காட்டினார். அறிவியல் தெளிவடையாத காலத்தில் அரசுக்கு மிகவும் தேவைப்பட்டது தகவல்: எந்தத் தெருவில், எந்த வீட்டில், எப்போது? கடுமை அந்தத் தகவலைத்தான் முதலில் அழித்தது. பிணங்கள் இரவோடிரவாகப் புதைக்கப்பட்டன. நோயாளிகள் வீடுவீடாக மறைத்துக் கடத்தப்பட்டனர்.

ஓரளவு பலன் தந்தவை நம்பிக்கையின் வழியே வந்தவை. உக்ரைனின் ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின், பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10-இல் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். இளைஞரான மூன்றாம் ஆகா கான், தம் சமூகத்தார் அச்சம் நீங்க அவர்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டார். ஹாஃப்கினின் ஆய்வுக்குத் தம் மாளிகையையும் அளித்தார். அந்தந்தச் சமூகத்தார் தாமே நடத்திய மருத்துவமனைகளுக்கு, அரசு மருத்துவமனையைக் கண்டு அஞ்சியவர்களும் சென்றனர். புணே அருகே தம் வளர்ப்பு மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமில் பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்ரிபாய் புலே, அந்நோய்க்கே ஆளாகி 1897 மார்ச் 10-இல் மறைந்தார். 1898-க்குப் பின் அரசும் கட்டாயத்தைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆனால், காலம் கடந்திருந்தது. நோய் நாடெங்கும் பரவி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1901-இல் பம்பாயின் மக்கள்தொகை 7,76,006 ஆகக் குறைந்திருந்தது.

நோய்க்குப் பின் வந்த சீரமைப்பிலும் செலவைச் சுமந்தவர்கள் ஏழைகளே. 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெருக்கமான பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தது. நில உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. வாடகைக்குக் குடியிருந்தோர் பெரும்பாலும் அடுத்த தெருவின் நெரிசலில் போய்ச் சேர்ந்தனர். அவ்வமைப்பு பின்னாளில் உருவாக்கிய மாட்டுங்கா போன்ற திட்டமிட்ட குடியிருப்புகள், தமிழர் பலர் உள்ளிட்ட நடுத்தர வகுப்பாருக்கு நல்வாழ்வு தந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், எந்தக் குடிகளின் சாவு அந்தத் திட்டத்துக்குக் காரணமாயிற்றோ, அவர்களுக்கு அதில் கிட்டிய பங்கு மிகக் குறைவு.

இக்கதையை 130 ஆண்டுகளுக்கு முந்தைய அந்நிய ஆட்சியின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. 1994-இல் சூரத்தில் பிளேக் அறிவிக்கப்பட்டபோது, சில நாள்களில் பல லட்சம் பேர் அந்நகரை நீங்கினர். இறந்தோர் எண்ணிக்கை நூற்றை எட்டவில்லை. ஆனால் விமானங்கள் நிறுத்தப்பட்டன, ஏற்றுமதிச் சரக்குகள் திருப்பியனுப்பப்பட்டன, சுற்றுலா முடங்கியது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் ஒமைக்ரான் திரிபைக் கண்டறிந்து உலகுக்கு உடனே அறிவித்தனர். அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி, ஓரிரு நாள்களிலேயே செல்வந்த நாடுகள் விதித்த பயணத் தடை. அடுத்த முறை ஒரு நாடு தயங்குமானால், அத்தயக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்?

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. அதில் மிகக் கடினமான பகுதியாக இருந்தது, நோய்க்கிருமித் தகவலைப் பகிரும் நாட்டுக்கு அதனால் விளையும் தடுப்பூசியிலும் மருந்திலும் என்ன பங்கு என்பதுதான். அதனாலேயே அது தனி இணைப்புக்கு ஒதுக்கி வைக்கப்பட்டது. மாண்ட்வியின் ஓட்டு வீட்டில் இருந்த அதே கேள்விதான் ஜெனீவாவின் மாநாட்டு அரங்கிலும் இருக்கிறது. உண்மையைச் சொல்பவர் இழப்பதை யார் ஈடுசெய்வது?

இதற்கு விடை நமக்குத் தெரியாததன்று. பறவைக் காய்ச்சல் வந்தால், அழிக்கப்படும் கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொண்டு இழப்பீடு வழங்குகின்றன. பண்ணையாளரிடம் கருணை காட்டுவது மட்டும் இதன் நோக்கமன்று. இழப்பீடு இல்லையெனில் அவர் நோயை மறைத்து, கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பிவிடுவார் என்பதை அரசு அறியும். காசநோயிலும் இதே அறிவு செயல்படுகிறது. நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக 2018 முதல் மாதம் ரூ.500 வழங்கப்பட்டது, 2024 நவம்பர் முதல் அது ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. நோயாளியைப் பதிவுசெய்யும் தனியார் மருத்துவருக்கும் ஊக்கத்தொகை உண்டு. தண்டனையை மட்டும் நம்பியிருந்தால் கிடைத்திராத தகவல் இவ்வழியே கிடைக்கிறது.

ஆனால் திடீர்த் தொற்று வரும்போது இந்த அறிவை நாம் மறந்துவிடுகிறோம். கரோனாவால் இறந்தோரின் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று 2021-இல் உச்சநீதிமன்றம் கூறிய பின்னர், அது ரூ.50,000 என நிர்ணயிக்கப்பட்டது. இறந்தவருக்கு ஈடு உண்டு. பிறருக்குத் தொற்றக்கூடாது என்று பதினான்கு நாள் வீட்டில் அடைந்துகிடந்த கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும், தள்ளுவண்டி வியாபாரிக்கும் சட்டப்படியான உரிமையாக எதுவும் இல்லை. அவர் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் அது குற்றம். போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

ஆகவே புதிய சட்டம் ஒன்று இயற்றப்படுமானால், அதில் மூன்று உரிமைகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஒன்று, அரசின் ஆணைப்படி தனிமைப்படுத்தப்படும் எவருக்கும், அந்நாள்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான தொகை. இரண்டு, நோய்த்தடுப்புக்காக அழிக்கப்படும் பொருளுக்கும் மூடப்படும் சிறுகடைக்கும் கால வரையறைக்குள் இழப்பீடு. மூன்று, முதலில் எச்சரிக்கும் மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் உள்ளாட்சிக்கும் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு. அதிகாரிக்குப் பாதுகாப்பளிக்கும் நான்காவது பிரிவு 1897-லேயே எழுதப்பட்டுவிட்டது. உண்மையைச் சொல்பவருக்கான பிரிவு இன்னும் எழுதப்படவில்லை.

இதற்கு நிதி எங்கே என்று கேட்கலாம். பொய்க் கோரிக்கைகள் வரும் என்றும் அஞ்சலாம். இரண்டும் பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபங்களே. ஆனால் தொற்று ஒரு தெருவில் இருக்கும்போது நூறு குடும்பங்களுக்கு இரு வாரக் கூலி கொடுப்பதும், அது நாடெங்கும் பரவிய பின் பொருளாதாரத்தையே பூட்டிவைப்பதும் ஒரே செலவாகுமா? பொய்க் கோரிக்கை சிலவற்றால் கருவூலத்துக்கு நேரும் இழப்பைக் கணக்கிட முடியும், கட்டுப்படுத்தவும் முடியும். மறைக்கப்பட்ட ஒரு நோயாளியால் நேரும் இழப்புக்கு எல்லையே இல்லை என்பதை 1896-இன் பம்பாய் காட்டிவிட்டது.

தண்டனையைக் கூட்டுவது எளிது. அதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு தேவையில்லை. அதனால்தான் அரசுகள் அதை முதலில் நாடுகின்றன. சட்ட ஆணையத்தின் அறிக்கை மீது மத்திய அரசு முடிவெடுக்கும்போது, நாடாளுமன்றம் முதலில் கேட்க வேண்டியது சிறைத்தண்டனை எத்தனை மாதம் என்பதை அன்று. இழப்பீடு என்னும் சொல் இம்முறையாவது அடைப்புக்குறியைவிட்டு வெளியே வருகிறதா என்பதையே.